இன்பாஸின் வெள்ளைப்பூடும் கிருஷாந்தியின் கற்றாழையும்

இன்பாஸ் வெள்ளைப்பூடு நசுக்க ஆரம்பித்தால் எங்கள் லயத்துப் பூனைகள் எல்லாம் தோட்டத்தின் பக்கத்து டிவிசனுக்குக் குடிபெயர்ந்துவிடும். அன்று மாலையும் வாசற்படியில் குந்தியிருந்து, உள்ளங்கையளவு கல் ஒன்றால் பல் பல்லாக நசுக்கிக்கொண்டிருந்தான். என் வீடு அந்த லயத்து வரிசை வீடுகளுக்கு மேலே, பஸ் போகிற பாதையை ஒட்டி இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் அவனுடைய வாசல் என் மடியில் வந்து விழும். எங்கள் ஸ்பிரிங்வெளித் தோட்டத்திலிருந்து இறங்குகிற கடைசி பஸ்ஸில் அந்த மணம் டிக்கட் எடுக்காமல் ஏறிப் பதுளை வரைக்கும் போய், பஸ் ஸ்டாண்டில் கடலை வாங்கித் தின்றுவிட்டு, மறுநாள் முதல் பஸ்ஸில் திரும்பி வரும். நமுனுகுலை மலை பொழுது சாய்ந்தால் மேகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வதற்கு வானிலைக்காரர்கள் வேறு காரணம் சொல்வார்கள். எனக்கு உண்மைக் காரணம் தெரியும்.

இத்தனை பூடும் ஒரே ஓர் ஆளுக்கு, அவன் மனைவி கிருஷாந்திக்கு. பிள்ளை பெற்றவளுக்குப் பூடு கொடுத்தால் பால் ஊறும் என்பது இந்த மலையில் பால் குடிக்கிற பிள்ளைக்கே தெரியும். பிள்ளை பெற்ற புதிதில் அவன் கொடுத்தது நியாயம். அவர்களுடைய மகள் சுஜீவாவோ நடந்து திரிந்து, என் வீட்டுக் கோழியின் வாலைப் பிடித்து இழுத்து, அது முட்டையிடுவதையே மறந்துபோகிற அளவுக்கு வளர்ந்துவிட்டாள். பால் மறக்கவேண்டிய காலத்தில் ஒருவன் வேலை மினக்கெட்டுப் பாலை ஊறவைக்கிறான் என்றால் அதற்குள் ஒரு விஷயம் இருக்கிறது. எனக்கோ பென்சன் எடுத்த நாளிலிருந்து அடுத்த வீட்டு விஷயத்தைத் தவிர வேறு உத்தியோகம் கிடையாது.

விஷயம் இதுதான். கிருஷாந்தி லுணுகலைக்காரி. கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் பதுளையில் ஒரு பேக்கரியில் மாவு பிசைந்தவள். அவள் சுட்ட பணிஸை விரலால் அமுக்கினால், அது விரலைத் தள்ளிவிட்டு எழுந்து நின்று நமக்குக் காலை வணக்கம் சொல்லும். பிள்ளைத்தாய்ச்சியானதும் வேலையை விட்டுவிட்டு, இப்போது மலையில் தேயிலைக் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில்தான் எல்லவில் வெள்ளைக்காரர்கள் வந்து தங்குகிற ஹோட்டல் ஒன்றிலிருந்து ஆள் விட்டிருந்தார்கள். ரொட்டி அடுப்பு முழுவதும் அவள் பொறுப்பில். ஆனால் அடுப்பு மூட்டவேண்டியது சேவல் கூவுமுன்னே. அந்த நேரத்தில் இந்த மலையிலிருந்து காற்றுகூட இறங்காது, பஸ் எங்கே? ஆகவே வாரத்தில் ஐந்து நாள் அங்கேயே தங்கவேண்டும், இரண்டு நாள் வீட்டுக்கு வரலாம். மாதம் பிறக்கிற திங்கட்கிழமைக்குள் வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகவும் சொல்லிவிட்டார்கள்.

குறுக்கே நின்றது சுஜீவாவின் தூக்கம். பகலில் அவளைப் பிள்ளை மடுவத்தில் விட்டுவிட்டுத்தான் கிருஷாந்தி மலைக்குப் போவாள். அங்கே பிள்ளைகளைப் பார்க்கிற லெட்சுமி ஊட்டினால் சோறு தின்பாள், பருப்பு தின்பாள், பிஸ்கட் தின்பாள், கவனிக்காமல் விட்டால் லெட்சுமியின் சேலைத் தலைப்பையும் தின்பாள். கண் சொருகினால் மட்டும் அம்மாவின் மார்பு வேண்டும். மத்தியானத்தில் கிருஷாந்தி மலையிலிருந்து ஓடிவரக் கொஞ்சம் பிந்தினால் பிள்ளை எடுக்கிற குரல் இருக்கிறதே, அதைத் தொழிற்சாலைச் சங்கு என்று நினைத்துக் கொழுந்துக் கூடைகளோடு இரண்டு மலைச் சனம் இறங்கி வந்த கதை உண்டு. இரண்டு மலை என்பது கொஞ்சம் கூடிப்போயிற்றென்றால் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்த்துக்கொள்ள ஒரு பெரியமனுசியும் இல்லை. இன்பாஸின் தாய் செத்துப்போனாள். கிருஷாந்தியின் தாய் குவைத்தில் இன்னொருத்தர் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பிள்ளை பாலை மறந்தால் கிருஷாந்தி எல்லவுக்குப் போகலாம், மறக்காவிட்டால் கொழுந்துதான். கணக்கு அவ்வளவு எளிது.

இன்பாஸ் அவளைப் போகவேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "போயிட்டு வா, நல்ல வேலதானே" என்றுதான் எல்லோர் முன்னாலும் சொன்னான். சொல்லிவிட்டு, லயத்துக்குப் பின்னாலுள்ள தன் காய்கறித் துண்டு நிலத்துக்குப் போய், போஞ்சிக்கும் லீக்ஸுக்கும் நடுவே நின்ற வெள்ளைப்பூட்டைப் பிடுங்கிக்கொண்டு வந்தான். பூட்டுக் குழம்பு, பூட்டுச் சொதி, பூட்டுச் சம்பல், பூடு அவித்த பால். தேத்தண்ணீரில் மட்டும் போடவில்லை, அதுவும் நான் பார்த்த வரைக்கும்தான். வேண்டாம் என்கிற சொல்லை அவன் வாயால் சொல்லாமல் சோற்றில் பிசைந்து வைத்தான். கிருஷாந்தியும் தின்றாள். எங்கள் லயத்தில் அடுப்புக்குக் கிட்டப் போகிற ஆம்பிளை அவன் ஒருவன்தான். அவன் சட்டி கழுவுவதைப் பார்ப்பதற்காகவே மேட்டு லயத்துப் பெண்கள் தண்ணீர்க் குடத்தோடு சுற்றுவழியில் வருவார்கள். அப்படிப்பட்டவன் ஆக்கி வைத்ததை எப்படித் தள்ளிவைப்பது?

அவளும் சும்மா இருக்கவில்லை. ஒரு சனிக்கிழமை பதுளைச் சந்தையிலிருந்து வரும்போது பழைய பெயின்ட் வாளியோடு ஒரு சோற்றுக்கற்றாழையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து, வாசலில், அவன் குந்தியிருந்து பூடு நசுக்குகிற படிக்கு நேர் எதிரே வைத்தாள். என்னத்துக்கு என்று அவன் கேட்கவில்லை. என்னத்துக்கென்று அவள் சொல்லவுமில்லை. கற்றாழைக் கசப்பை மார்பில் தடவிப் பிள்ளைக்குப் பால் மறக்கடிப்பது எல்லாருக்கும் தெரிந்த வித்தை. மிட்வைஃப் மிஸ் மாதாந்தம் பிள்ளையின் நிறை பார்க்க வந்தபோது, பூடும் அளவுக்கு மிஞ்ச வேண்டாம், கற்றாழையும் தடவவேண்டாம், மெதுவாக ஒவ்வொரு நேரமாகக் குறையுங்கள் என்று அருமையாகச் சொல்லிவிட்டுப் போனார். புருஷனும் பெண்சாதியும் அந்த மாதம் முழுவதும் ஒரே மனதாகச் செய்த காரியம் அவர் பேச்சைக் கேட்காதது ஒன்றுதான்.

இரண்டொரு நாளில் இன்பாஸ் என்னிடம் வந்தான். என்னிடம் விஞ்ஞானம் படித்தவன் அவன். சரியாகச் சொன்னால், நான் விஞ்ஞானம் படிப்பித்த நேரத்தில் அதே அறையில் தூங்கியவன். பூட்டுக்கும் கற்றாழைக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டான். அத்தனை வருடச் சேவையில் ஒரு பிள்ளையும் தானாக வந்து என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. சந்தோஷத்தில் எனக்குத் தலைமயிர் ஓரடி கூடுதலாக வளர்ந்துவிட்டது. அவனை இழுத்துக்கொண்டு போய் இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டினேன். என் வேலியோரத்திலும் ஒரு பெரிய கற்றாழை நின்றது, அவனுடைய துண்டிலோ பிடுங்காமல் விட்ட பூடு நாலைந்து பூத்தண்டு விட்டிருந்தது.

இரண்டும் நெருங்கிய சொந்தம் என்றேன். எங்கள் காலத்துப் புத்தகத்தில் இரண்டையும் ஒரே குடும்பத்தில்தான் வைத்திருந்தார்கள். பிறகு வந்தவர்கள் வேறு வேறு குடும்பமாக்கிவிட்டார்கள், சொத்துப் பிரித்துக்கொண்ட பங்காளிகள் மாதிரி. பூட்டின் இலை தட்டையாக, மெல்லியதாக, கொஞ்ச நாளில் காய்ந்து விழுந்துவிடும். அது சேர்த்த எல்லாவற்றையும் மண்ணுக்குள் பல் பல்லாக, தாள் சுற்றிப் பூட்டி வைத்துக்கொள்ளும். கற்றாழை சேர்த்ததை எல்லாம் மடலிலேயே வைத்துக்கொண்டு, யாராவது கை வைக்கட்டும் பார்க்கலாம் என்று விளிம்பில் முள் கட்டிக்கொண்டு நிற்கும். பூட்டுக்கு மேலே பந்து மாதிரிப் பூங்கொத்து, வெள்ளையும் ஊதாவும் கலந்த பொடிப்பொடிப் பூ, அதுவும் பூத்தால்தான் உண்டு. கற்றாழைக்கு ஈட்டி மாதிரி ஒரு தண்டு, அதில் தலை கவிழ்ந்த மஞ்சள் குழல்கள். பூவைப் பிரித்து எண்ணினால் இரண்டுக்கும் மும்மூன்றாகத்தான் இதழ் வரும், சொந்தம் அங்கேதான் காட்டிக்கொடுக்கும். குணத்தில்தான் எதிரும் புதிரும். நசுக்குகிற வரைக்கும் பூடு வாயைத் திறக்காது, நசுக்கிவிட்டால் ஊரைக் கூட்டிவிடும். கற்றாழையை எவ்வளவு நசுக்கினாலும் சத்தமே வராது. கசப்பெல்லாம் தோலுக்கு அடியில் மஞ்சள் தண்ணியாக இருக்கும், அதற்கும் உள்ளே போனால் சப்பென்று ஒரு கண்ணாடிச் சதை.

இன்பாஸ் வாயைத் திறந்துகொண்டு கேட்டான். பாடத்தின் நடுவில் தூங்காமல் அவன் நின்றது அன்றைக்குத்தான்.

"சொந்தம்னா டீச்சர், பூடு செஞ்சத கத்தாழ அழிக்காதுதானே?"

"சொந்தக்காரங்கதாண்டா அழிப்பாங்க."

அவன் பூத்தண்டு ஒன்றை ஒடித்துக் கையில் உருட்டிக்கொண்டு நின்றான். நான் கேட்காமலே சொன்னான்.

"அவ போவட்டும் டீச்சர். நான் வேணாங்கல. புள்ள பசிச்சு அழுதா சோறு குடுப்பேன். தூக்கத்துக்கு அழுதா? என்கிட்ட குடுக்கிறதுக்கு என்னா இருக்கு?"

நான் லீக்ஸ் என்ன விலை போகிறது என்று கேட்டேன்.

கிருஷாந்தியின் முதல் முயற்சி ஒரு புதன்கிழமை மத்தியானம் நடந்தது. பிள்ளை மடுவத்துக்கு மலையிலிருந்து வந்தவள் தயாராக ஒரு கிண்ணத்தில் கற்றாழை கொண்டு வந்திருந்தாள். லெட்சுமி எனக்கு அன்று சாயங்காலமே முழு விபரமும் நடித்துக் காட்டினாள். லெட்சுமி லயத்தில் இன்பாஸுக்கு அடுத்த காம்பராக்காரி, நடுவில் ஒரே சுவர்தான், அவள் நடித்துக் காட்டினால் கற்றாழையாகவும் அவளே நிற்பாள். நடந்தது என்னவென்றால், தலைமயிருக்குத் தேய்க்கக் கற்றாழை எடுத்துப் பழகிய கிருஷாந்தி, அதே பழக்கத்தில் தோலைச் சீவி, உள்ளே இருந்த சதையைத் தண்ணீரில் திரும்பத் திரும்ப அலசி, சுத்தபத்தமாகக் கொண்டு வந்து தடவியிருக்கிறாள். கசப்பெல்லாம் பீலிக் குழாய்த் தண்ணீரோடு போய்விட்டது. சுஜீவா வாயை வைத்தாள். வழுக்கியது. அவளுக்கு அது பிடித்துப்போயிற்று. வழக்கத்தை விட அதிக நேரம் குடித்துவிட்டு, கிண்ணத்தையும் காட்டி இன்னும் கேட்டாளாம். பிள்ளை மடுவத்தில் மற்றப் பிள்ளைகளும் கிண்ணத்துக்கு வரிசையில் நின்றதாக லெட்சுமி சொன்னாள். என்னோடு பழகிப் பழகி அவளும் கெட்டுப்போய்விட்டாள்.

அந்தத் தோல்விக் கதை இன்பாஸின் காதுக்குப் போயிருக்கவேண்டும். அவன் மாலையில் பூடு நசுக்கும் சத்தத்தில் ஒரு தாளம் இருந்தது. ஆனால் தோலோடு பிழியவேண்டும் என்பது அடுத்த தடவை அவளுக்குத் தெரிந்துவிடும் என்பதை அவன் யோசித்திருக்கிறான். மறுநாள் நான் ஜன்னலைத் திறந்தபோது வாசலில் வாளி மட்டும் இருந்தது. கற்றாழை வேரோடு மேலே போயிருந்தது. நிலைக்கு மேல், கறுப்புக் கயிற்றில், தலைகீழாக, பக்கத்தில் எலுமிச்சங்காயும் செத்தல் மிளகாயுமாக, முழு மரியாதையோடு திருஷ்டிக்குத் தொங்கிக்கொண்டிருந்தது.

மாதா கோயிலில் ஒவ்வொரு ஞாயிறும் முதல் வரிசை வாங்கில் நிற்கிறவன் திருஷ்டிக்குக் கட்டுவானா என்று கேட்டேன். "மாதா ஒண்ணும் நெனைக்கமாட்டாங்க டீச்சர், அவங்களும் புள்ளக்காரிதானே" என்றான். கிருஷாந்தி கத்தியை எடுத்துக்கொண்டு முக்காலியில் ஏறிவிட்டாள். அடுத்த வாசலிலிருந்து லெட்சுமி ஓடி வந்து அவள் முந்தானையைப் பிடித்தாள்.

"கட்டுனத அறுக்கக் கூடாதுடி. ஊர்க்கண்ணெல்லாம் அதுக்குள்ளதான் போயிருக்கு. அத வெட்டி ஒம் புள்ள வாயில வைப்பியா?"

கட்டியே ஒரு மணித்தியாலம் ஆகவில்லை, அதற்குள் எந்த ஊர்க்கண் வந்தது என்று கிருஷாந்தி கேட்டிருக்கலாம். அவளோ கத்தியோடு முக்காலியில் நின்றபடியே புருஷனைப் பார்த்தாள். அவன் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு படியில் இருந்தான்.

"கண்ணு படுதுன்னு கட்டுனீங்களா? அப்பிடிக் கண்ணு வைக்க நம்மகிட்ட என்னா இருக்கு?"

"நீ இருக்கியே," என்றான் இன்பாஸ்.

அவள் இறங்கி முக்காலியை உள்ளே கொண்டுபோனாள். லெட்சுமி என் ஜன்னலைப் பார்த்தாள், நான் லெட்சுமியைப் பார்த்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் அன்று சமையல் ஓடவில்லை.

வெள்ளிக்கிழமை, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் பெயர் கொடுக்கப் போகாமல், கிருஷாந்தி நேராக என் வீட்டுக்கு வந்தாள். எல்லவுக்குப் போகவேண்டிய திங்கட்கிழமைக்கு இடையில் இருந்தது சனியும் ஞாயிறும்தான். வேலியோரத்துக் கற்றாழையில் ஒரு மடல் வேண்டுமென்றாள். தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். குடிக்காமல் கோப்பையின் விளிம்பைத் தடவிக்கொண்டு இருந்தாள். கொழுந்துக் கறை பிடித்த விரல்கள். அந்த விரல்கள் கோப்பையில் ஏதோ பிசைவது போலவே அசைந்தன.

"மலையில நிக்கும்போதும் இது மாவுதான் பெசயுது டீச்சர்," என்றாள். பிறகு, "அவரு ஒரு தடவ வேணாம்னு சொல்லிட்டா போதும். நல்லா ஒரு சண்டயப் போட்டுட்டுப் போயிருவேன். இவரு சோத்தப் போட்டுல்ல தடுக்கிறாரு. சோறு போடுற ஆளோட எப்பிடி சண்ட போடுறது?"

நான் இந்த விவகாரத்தில் எந்தப் பக்கமும் இல்லை. அவனுடைய பூட்டுக் குழம்பையும் கிண்ணம் கிண்ணமாக வாங்கித் தின்றவள். ஆகவே நியாயமாக நடந்துகொள்ளவேண்டுமென்று, கற்றாழையின் அடியிலிருந்து ஆகப் பெரிய மடலாகப் பார்த்து அறுத்துக் கொடுத்தேன். அந்த மடலைப் பாதையாக விரித்தால் கொஸ்லந்த வரைக்கும் போய்த் திரும்பலாம். அலசாதே, தோலுக்கு அடியில் கசிகிற மஞ்சளைத்தான் எடுக்கவேண்டும் என்று மட்டும் சொன்னேன். அவள் அதைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு போனாள். ஆனாலும் முனை வெளியே நீட்டிக்கொண்டு, எதிரே வந்தவர்களை எல்லாம் குத்திக்கொண்டே போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, சாப்பாடும் முடிந்த நேரம். கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் நான் அவர்கள் வீட்டுக்குள் நுழைந்தேன். கிண்ணம் திருப்பிக் கொடுக்கிற பழக்கம் எனக்கு இல்லை என்பது இன்பாஸுக்குத் தெரியும், ஆனாலும் அவன் கவனிக்கவில்லை. பின்புறத்து அடுப்படியில் அவித்த பூட்டை உரித்துப் பாலுக்குள் போட்டுக்கொண்டிருந்தான். முன் காம்பராவில் கிருஷாந்தி கட்டிலில் இருந்தாள். பக்கத்தில் துணி மூடிய தட்டு. என்னைப் பார்த்துவிட்டுத் தள்ளி இடம் விட்டாள். நான் கதவோரத்திலேயே நின்றேன்.

சுஜீவா தூக்கம் கலந்த நடையில் வந்து கட்டிலைப் பிடித்து ஏறினாள். அம்மாவின் மடியில் கால் போட்டு, சட்டையை விலக்கி, வழக்கமாகச் செய்கிறவள் செய்கிற நிதானத்தோடு வாயை வைத்தாள்.

அந்த முகத்தை நான் வாழ்க்கையில் இன்னொரு தடவைதான் பார்த்திருக்கிறேன். எங்கள் பள்ளிக்கூடத்துத் தேத்தண்ணீரை மேலதிகாரி ஒருவர் முதல் மிடறு குடித்த அன்று. கண், மூக்கு, வாய் எல்லாம் நடு முகத்துக்கு ஓடி வந்து கூட்டம் போட்டன. நாக்கு தனியாக வெளியே வந்து யாரிடமோ முறையிட்டது. பிள்ளை தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தாள். பிறகு, தான்தான் ஏதோ பிழையாகச் செய்துவிட்டதாக எண்ணியவள் போல, இன்னொரு தடவை, மிக மெதுவாக, வாயை வைத்தாள். அந்த இரண்டாவது தடவையில் கூட்டிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

அழுகை வந்தது. அதைச் சங்கு என்று சொன்னேன் அல்லவா, சங்கு வெட்கப்பட்டுப் போயிருக்கும். கிருஷாந்தி கையை நீட்டினாள், பிள்ளை அந்தக் கையைத் தட்டிவிட்டுக் கட்டிலிலிருந்து சறுக்கி இறங்கினாள். அடுப்படியிலிருந்து இன்பாஸ் கை கழுவாமலே ஓடி வந்து தூக்கினான். அவன் தோளில் கிடந்து திமிறினாள். கழுத்தைக் கடித்தாள். அவன் "ஏண்டா தங்கம், ஏண்டா" என்று முதுகைத் தட்டிக்கொண்டே அங்குமிங்கும் நடந்தான். அவள் முகத்தைத் துடைக்க அவன் கை வந்தது. பிள்ளை சட்டென்று அழுகையை நிறுத்தினாள். அந்தக் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்து மூக்கோடு வைத்துப் பார்த்தாள். பிறகு ஆள்காட்டி விரலை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

காம்பராவில் சூப்புகிற சத்தம் மட்டும், இடையிடையே ஒரு விக்கல். வாசலில் ஓடி வந்து நின்ற லெட்சுமி வாயில் கை வைத்துக்கொண்டாள். பிள்ளையின் கால்விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. கண் சொருகியது. இன்பாஸ் அசையாமல் நின்று, தன் விரலையே யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னா மணக்குது ஒங்க கையில?" கிருஷாந்தி கேட்டாள்.

"பூடுதான்."

"இல்லீங்க," என்றாள். "நான்தான் மணக்கிறேன்."

பிறந்ததிலிருந்து அந்தப் பிள்ளைக்குப் பால் என்றால் அந்த மணம்தான். அவன் அவளை நிறுத்திவைக்கப் பிடுங்கி, உரித்து, நசுக்கி, அவித்த அத்தனை பூடும் அவள் உடம்புக்குள் போய்ப் பாலில் கலந்த மாதிரியே அவன் விரலிலும் ஊறிப்போயிருந்தது. அது அவனுக்கும் அந்தக் கணத்தில் விளங்கிவிட்டது. ஜெயித்தவளுடைய முகமாகக் கிருஷாந்தியின் முகமும் இல்லை. பிள்ளை இவ்வளவு சுருக்காக இன்னோர் இடம் தேடிக்கொள்ளும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. ஒரு ஈரத்துணியை எடுத்துச் சட்டைக்குள் விட்டு மஞ்சளைத் துடைத்தாள், துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

அப்போதுதான் இன்பாஸ் வாயைத் திறந்தான்.

"போவாத, கிருஷா."

அவள் நிமிர்ந்தாள். எத்தனை நாளாக அவள் காத்திருந்த வார்த்தை. கழுத்து நரம்பு புடைத்தது, மூச்சை இழுத்தாள், லெட்சுமி ஒரு காலைப் பின்னால் வைத்தாள், ஸ்பிரிங்வெளியில் அதுவரை யாரும் கேட்டிராத ஒரு சண்டை கதவுக்கு வெளியே வந்து நின்றுவிட்டது. பிள்ளை தூக்கத்தில் ஒரு தடவை விம்மி, விரலை இன்னும் ஆழமாக இழுத்துக்கொண்டாள்.

"மெதுவாப் பேசுங்க," என்றாள் கிருஷாந்தி கிசுகிசுப்பாக. "முழிச்சுக்குவா."

நான் கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அதன் பிறகு அவர்கள் இரண்டு பேரும் பேசியிருந்தால் அது என் ஜன்னலுக்குக் கேட்கிற சத்தத்தில் நடக்கவில்லை.

திங்கட்கிழமை மழைத் தூறல். பாதையில் என் வாசலுக்கு நேரேதான் பஸ் நிற்கும் இடம். கிருஷாந்தி ஒரு துணிப் பையோடும், கட்டம் போட்ட சேலையில் மார்பை இறுக்கிப் போர்த்திக்கொண்டும் நின்றாள். பால் கட்டி வலிப்பதாக லெட்சுமியிடம் சொல்லியிருந்தாள். சட்டைக்குள் துவாய் மடித்து வைத்திருந்தும் சேலையில் இரண்டு ஈரப் பொட்டுகள் தெரிந்தன. அவை மழையாக இருக்கலாம் என்று பார்க்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும் என்பது போல அவள் குடையை விரிக்கவில்லை. இன்பாஸ் பிள்ளையோடு பக்கத்தில் நின்றான். எல்லவில் குளிர் கூடுதல், அடுப்புப் பக்கத்திலேயே படு என்றான். அவள் சரி என்றாள். பிள்ளைக்கு ராத்திரிக்குக் காலுறை போடச் சொன்னாள். அவன் சரி என்றான்.

பஸ் வந்ததும் பிள்ளைக்கு விஷயம் புரிந்துவிட்டது. உதடு பிதுங்கியது. இன்பாஸ் அவசரமாக விரலைக் கொடுத்தான். பெட்டிகளும் கூடைகளும் மனிதர்களுமாக பஸ் ஏற்கெனவே நிறைந்திருந்தது. கிருஷாந்தி எப்படியோ உள்ளே நுழைந்து, யாரோ ஒருவருடைய மடிக்கு மேலாகக் குனிந்து, ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினாள். பஸ் நகர்ந்தது. வளைவு வரைக்கும் அந்தக் கை ஆடிக்கொண்டே போயிற்று.

இன்பாஸின் ஒரு கை பிள்ளையின் தொடைக்குக் கீழே தாங்கியிருந்தது, மற்றக் கையின் விரல் பிள்ளையின் வாய்க்குள் இருந்தது, பதிலுக்கு ஆட்ட ஒரு கையும் மிச்சமில்லை. அவன் தலையை ஆட்டிப் பார்த்தான், அது அந்தத் தூரத்துக்குத் தெரியாது. தோளைத் தூக்கிப் பார்த்தான். பஸ் வளைவில் திரும்பத் தொடங்கியபோது, வேறு வழியில்லாமல், பிள்ளையையே கொஞ்சம் உயர்த்தி, விரல் வாயிலிருந்து நழுவிவிடாமல், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மெதுவாக அசைத்தான்.